யாருடைய எதிர்ப்பு?

கட்டுரை என்றால் குறளோடு தொடங்க வேண்டும் என்பது எங்கள் தமிழம்மாவின் கட்டளை. இந்த முறை நாங்கள் ஒரு பெரியம்மாவின் கேள்வியோடு தொடங்குகிறோம். தமிழம்மா பொறுத்தருள வேண்டும்.

சென்ற நவம்பரில் நம் பள்ளியில் இரண்டு நாள் நடந்த அறிவியல் கண்காட்சியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பத்தாம் வகுப்பைச் சேர்ந்த நாங்கள் நால்வர், எரிமலை கக்கிய ஒன்பதாம் வகுப்பு மேசைக்கு அடுத்த மூலையில் நின்றோம். (எரிமலைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்களின் துயரம் அனுபவித்தவர்களுக்கே தெரியும்.) எங்களிடம் வெடிப்பதற்கோ ஒளிர்வதற்கோ ஒன்றும் இல்லை. மூன்று சார்ட் அட்டைகள் மட்டுமே. மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களைப் பற்றிப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டிய அறிவியல் சொற்களை நூலகத்துப் புத்தகங்களிலிருந்து திரட்டி, தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தோம். தலைப்பு, கொட்டை எழுத்தில், "எதிர்ப்புச் சக்தி பெற்ற பாக்டீரியாக்கள்."

முதல் நாள் பிற்பகலில் ஒரு பெரியம்மா வந்தார். தலைப்பை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சும்மா. என் பேரனுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லைன்னு டாக்டர் சொல்றார். இந்த பாக்டீரியா எந்தக் கடையில கிடைக்கும்? தயிர்ல கலந்து குடுக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு எங்களில் மூவர் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஒருத்தி சிரிக்கவில்லை. "அவங்க மேல என்ன தப்பு? நாமதானே அப்படி எழுதினோம்? எங்க வீட்லயும் இப்படித்தான் ஆச்சு" என்றாள். அதற்கு மேல் அன்று பள்ளியில் அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் எங்கள் மூவரையும் சார்ட் அட்டைகளோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்த வீடு. அவள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவளுடைய அப்பாவிடம் நாங்கள் அனுமதி கேட்டபோது, "பேர் மட்டும் வேணாம், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றார். ஆகவே "எங்களில் ஒருத்தி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அவளுடைய அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். 2022-ஆம் ஆண்டு, நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அவருக்குக் காசநோய் கண்டது. அரசு சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்து, ஆறு மாதத்துக்கு மாத்திரை என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அது ரிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி வந்தது, எடை கூடியது. மாத்திரை வாங்கப் போகும் நாளில் அரை நாள் சம்பளம் போயிற்று. மூன்றாம் மாதம் அவர் போவதை நிறுத்திவிட்டார். மீதமிருந்த அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, இருமல் தலைகாட்டும்போதெல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் என்று விழுங்குவார். டப்பா காலியாகும் வரை இது நடந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்ததும், பட்டறைகளில் மோட்டார் போட்டு நாள்கணக்கில் இறைத்ததும் இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஈரத்தில் நின்று வேலை பார்த்தவருக்கு இருமல் திரும்பியது. புயல்தான் காரணம் என்றார்கள் எல்லாரும். ஒரு மருந்துக்கடையில் சொல்லி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு சளியில் இரத்தம் வந்தது. மறுபடியும் சளிப் பரிசோதனை. இம்முறை சிபிநாட் என்னும் கருவியில் வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதையும், இருந்தால் ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். கிருமி இருந்தது. கட்டுப்படவில்லை. ஐசோனியாசிட் என்னும் மற்றொரு முக்கிய மருந்துக்கும் கட்டுப்படவில்லை என்று பின்னர் தெரிந்தது. இவ்விரண்டுக்கும் அடங்காத காசநோயைத்தான் மருத்துவர்கள் எம்.டி.ஆர். என்று அழைக்கிறார்கள்.

"உங்களுக்கு மருந்து எதிர்ப்பு வந்திருக்கிறது" என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? அவர் வாயாலேயே கேட்டோம். "எதிர்ப்பு வந்துச்சுன்னா நல்லதுதானேன்னு நினைச்சேம்மா. அப்புறம் டாக்டர் முகத்தைப் பார்த்து, சரி, என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு, அதைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். உடம்புக்குத்தானே பழகிச்சு, கொஞ்ச நாள் விட்டா மறுபடி கேக்கும்னு விட்டுட்டேன்." அப்படி விட்டதில் இன்னும் மூன்று வாரம் போயிற்று.

அன்று மாலை அந்தக் கூடத்தில் சார்ட் அட்டைகளைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தமிழில் நாம் எத்தனை 'எதிர்'களை ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. நோயை எதிர்த்து நிற்கும் நம் உடலின் ஆற்றல் நோய் எதிர்ப்பு. அந்த ஆற்றல் இரத்தத்தில் உண்டாக்கும் பொருள் எதிர்ப்பொருள். ஆன்டிபயாடிக்கை நுண்ணுயிர் எதிர்ப்பி என்கிறோம். அந்த ஆன்டிபயாடிக்கை எதிர்த்துக் கிருமி தப்புவது மருந்து எதிர்ப்பு. முதல் மூன்றும் நம் பக்கத்துப் படை. நான்காவது எதிரியின் கவசம். நான்குக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டால் பெரியம்மா என்ன செய்வார், பாவம்! ஆங்கிலத்தில் முதலுக்கு இம்யூனிட்டி, கடைசிக்கு ரெசிஸ்டன்ஸ் என்று வேறு வேறு சொற்கள் உண்டு. அங்கும் மக்கள் குழம்புகிறார்கள் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னார். உலகம் முழுவதுமே, மாறுவது நம் உடல் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்களாம். மாறுவது கிருமி. ஒருவர் உடலில் மாறிய கிருமி, மருந்தையே தொட்டிராத இன்னொருவர் மூச்சிலும் போய்ச் சேரலாம்.

சரி, கிருமி எப்படி மாறுகிறது? இங்கே திடீர் மாற்றம் என்னும் சொல் வருகிறது. பாடப் புத்தகத்தில் நாம் எல்லாரும் படித்ததுதான். பாக்டீரியா இரண்டாகப் பிளக்கும்போது தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கிறது. நாங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எங்காவது ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போவது போல, அங்கும் எப்போதாவது ஓர் எழுத்து தவறிவிடும். பெரும்பாலான தவறுகளால் கிருமிக்குப் பயனில்லை. எங்கோ ஒன்று மட்டும் அதன் உயிரைக் காக்கிறது. காசநோய்க் கிருமியில் ரிபாம்பிசின் எப்படி வேலை செய்கிறதென்றால், ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் நொதியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. அந்த இருக்கையின் வடிவம் எழுத்துப் பிழையால் சற்று மாறினால் மருந்துக்கு உட்கார இடமில்லை. ஐசோனியாசிட்டின் கதை இன்னும் வேடிக்கை. அது விழுங்கும்போது முழு மருந்தாக இருப்பதில்லை. கிருமியின் நொதி ஒன்றுதான் அதை மருந்தாக மாற்றித் தன் தலையில் போட்டுக்கொள்கிறது! அந்த நொதி பழுதான கிருமி பிழைத்துக்கொள்கிறது. பழுதானதே பலமாகிவிட்ட விந்தை இது.

மருந்தைக் கண்டு கிருமி பயந்துபோய் இப்படி மாறிக்கொள்கிறது என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அது தவறு என்று 1952-இல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் என்னும் தம்பதியர் ஒரு வெல்வெட் துணியைக் கொண்டே காட்டிவிட்டார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக்களைக் கூட்டங்கூட்டமாக வளர்த்தார்கள். கோலப் பொடியில் உள்ளங்கையை ஒற்றுவது போல, வெல்வெட்டை அந்தத் தட்டில் ஒற்றி, பிறகு மருந்து கலந்த தட்டுகளில் அதே நிலையில் ஒற்றினார்கள். எல்லாத் தட்டுகளிலும் தப்பிப் பிழைத்த கூட்டங்கள் ஒரே இடத்தில் இருந்தன. அப்படியானால் மருந்தையே காணாத முதல் தட்டில், அதே இடத்தில், தப்பக்கூடியவை ஏற்கெனவே இருந்திருக்கின்றன. மருந்து அவற்றைப் படைக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் விட்டது. இதுவே இயற்கைத் தேர்வு.

எங்களில் கணக்குப் பிரியை ஒருத்தி உண்டு. அவள் தரையில் சாக்பீசால் போட்ட கணக்கை இங்கே தருகிறோம். ஐசோனியாசிட்டுக்குத் தப்பக்கூடிய கிருமி ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்று. ரிபாம்பிசினுக்குத் தப்பக்கூடியது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் காசநோய் குடைந்த ஒரு குழியில் 10 கோடிக் கிருமிகள் வரை இருக்கக்கூடும். ஐசோனியாசிட்டை மட்டும் கொடுத்தால், அந்தக் குழியில் நூறு கிருமிகளாவது முதல் நாளே தப்பிவிடும். பின்னர் அவையே பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் ஒருங்கே தப்புவது, இரண்டு எண்களையும் பெருக்கினால் வருவதில் ஒன்று. ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூச்சியங்கள். அவ்வளவு கிருமிகள் எந்த மனிதர் உடம்பிலும் இல்லை. "அதுக்குத்தான் நாலு மாத்திரையா!" என்றார் அப்பா. அவருக்கு இதை யாரும் சொன்னதில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்து விட்டு விட்டு விழுங்கினால், எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் உடலை விட்டு நீங்குவதில்லை. ஒன்று போய் மற்றொன்று தனியே நிற்கும் நேரங்கள் வரும். அந்த நேரம்தான் நூறு கிருமிகளின் நேரம்.

இந்தக் கணக்கை உலகம் கற்றுக்கொண்டதில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1943-இல் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசினை, காசநோய்க்குத் தனியாக ஊசி போட்டுப் பார்த்தபோது நோயாளிகள் முதலில் தேறினார்கள். சில மாதங்களில் பலருக்கு மருந்து வேலை செய்யாமற்போயிற்று. 1948-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அதன் பின்னரே மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. எழும்பூருக்கு அடுத்த ரயில் நிலையமான சேத்துப்பட்டில், 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் முன்னின்றார். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும் வேண்டும் என்று நம்பினார்கள். அத்தனை கட்டில்களுக்கு நம் நாடு எங்கே போகும்? சென்னையின் ஏழை மக்களில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து, இரண்டு மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடிசைகளில், போதாத உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆயினும் 1959-இல் முடிவு வந்தபோது, இரு பிரிவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமாகியிருந்தன. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குணமாக்கியது கட்டிலோ பாலோ இல்லை, மாத்திரைதான் என்று உலகம் சேத்துப்பட்டிலிருந்து தெரிந்துகொண்டது. ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்ததையும் இரண்டு மருந்து கொடுத்ததையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனியாகக் கொடுத்தது பின்தங்கியது.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. செவிலியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்களாம். சிறுநீரையும் சோதிப்பார்களாம். உடம்பு தேறியவுடன் மாத்திரையை விட்டுவிடுவது மனித இயல்பு என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். அதனால்தான் பார்வையிலேயே விழுங்கச் செய்யும் முறையையும் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் அது உலகெங்கும் பரவியது. எங்களில் ஒருத்தியின் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்பவே என்னை மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

இத்தனையும் கிருமி தன் பிழையால் தானே தப்பும் வழி. இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் எங்களுக்கு அதிக அச்சத்தைத் தந்தது. காசநோய்க் கிருமி இந்த இரண்டாம் வழியில் போவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பல போகின்றன. பாக்டீரியாவுக்குள் அதன் முதன்மையான மரபுச் செய்தியைத் தவிர, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருக்கும். இதை எப்படி விளக்குவது என்று வெகுநேரம் யோசித்தோம். கடைசியில் கிடைத்த உவமையை எழுத சிஸ்டர் அனுமதிப்பார்களோ மாட்டார்களோ! பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் பிட்டு. தேர்வறையில் ஒருத்தி எழுதி வைத்த சின்னத் தாள் கைமாறிக் கைமாறி, படிக்காதவளுக்கும் போய்ச் சேர்வது போல, ஒரு பாக்டீரியா தான் பெற்ற தந்திரத்தைப் பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடுகிறது. வேறு இனத்தைச் சேர்ந்ததற்கும் கொடுக்கிறது. (எங்களுக்கு இவ்வழக்கம் இல்லை. உவமைக்காகச் சொன்னோம்.)

2008-இல், புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் இத்தகைய ஒரு தந்திரத்தைக் கண்டார்கள். பென்சிலின் வகை மருந்துகளின் உயிர்நாடியான பீட்டா லாக்டம் வளையத்தை வெட்டும் நொதி அது. அதன் குடும்பப் பெயர் பீட்டா லாக்டமேஸ். இந்தப் புதிய நொதி, கடைசி நேரத்துக்கென்று மருத்துவமனைகள் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையும் வெட்டியது. ஊர்ப் பெயரைச் சேர்த்து அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வறிக்கையில் முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சென்னையிலிருந்து 44 மாதிரிகளிலும், ஹரியானாவிலிருந்து 26-லும், பிரிட்டனிலிருந்து 37-லும் இந்த நொதியின் மரபணு இருந்தது. பல பிளாஸ்மிட்டில் இருந்தன. ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று நாட்டில் பெரும் கோபம் எழுந்தது. அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது என்றே நாங்களும் நினைக்கிறோம். ஆனால் பெயரை மாற்றியிருந்தால் பிட்டு கைமாறுவது நின்றிருக்காது. 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தக் கோரும் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாதது. அன்று மாலை அந்த வீட்டு அலமாரியைத் துழாவினோம். சிவப்புக் கோடு போட்ட மூன்று அட்டைகள், எல்லாம் பாதி வெட்டியவை, கிடைத்தன. எங்கள் வீடுகளிலும் தேடினோம். எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த அட்டைகளில் சில சளிக் காய்ச்சலுக்கு வாங்கியவை. சாதாரண சளியை உண்டாக்குவது வைரஸ். வைரஸுக்குப் பாக்டீரியாவைப் போலச் செல் சுவர் கிடையாது. ஆன்டிபயாடிக் தாக்கும் உறுப்பு எதுவும் அதனிடம் இல்லை. இல்லாத கதவைத் தட்டிவிட்டு, போகும் வழியில் நம் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டுப் போகிறது மருந்து.

இன்னொரு சொல்லையும் விட மனமில்லை. சில பாக்டீரியாக்கள் மருந்தை வெட்டுவதும் இல்லை, இருக்கையை மாற்றுவதும் இல்லை. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. சவ்வில் அதற்கென்றே புரதத்தாலான பம்புகள் உண்டு. புத்தகத்தில் இதைப் படித்தபோது தலைகால் புரியவில்லை. மிக்ஜாமின்போது பட்டறை வாசலில் இரவும் பகலும் ஓடிய மோட்டாரை அப்பா நினைவூட்டியதும், ஒரே வரியில் புரிந்துவிட்டது. தண்ணீர் வரும் வேகத்தைவிட இறைக்கும் வேகம் கூடினால் உள்ளே இருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

"மருந்தை எப்போதும் நிறைய நாள் சாப்பிட வேண்டும்" என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நாங்கள் அப்படித்தான் முதலில் எழுதி, அறிவியல் ஆசிரியை சிவப்பு மையால் அடித்தார். காசநோய்க்கு மாதங்கள் வேண்டும், ஏனெனில் அந்தக் கிருமி மெதுவாகப் பெருகுவது, பாதி உறங்கிக் கிடப்பது. வேறு பல தொற்றுகளுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது கண்டிருக்கிறார்கள். தேவைக்கு மேல் விழுங்கும் ஒவ்வொரு நாளும் வெல்வெட் துணிக் கதையை நம் குடலில் நடத்துவதாகும். எத்தனை நாள் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டு அக்கா சொல்ல வேண்டியதன்று.

அப்பாவின் இரண்டாவது சிகிச்சை 2024 ஜனவரியில் தொடங்கிப் பதினெட்டு மாதம் நடந்தது. பெடாகுவிலின், லினசோலிட், க்ளோஃபாசிமின் என்று பெயர்களே வாயில் நுழையாதவை. க்ளோஃபாசிமினால் தோல் கறுத்தது. பட்டறையில் "என்னப்பா, வெயில்ல நிக்கிறியா?" என்று கேட்டார்களாம். லினசோலிட்டால் பாதங்கள் மரத்துப்போய் எரிந்தன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாதாம். இப்போது பலருக்கு ஆறு மாதத்தில் முடியக்கூடிய புதிய மருந்துக் கூட்டு வந்திருக்கிறது, 2024 செப்டம்பரில் நம் அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அவருக்கு அது வாய்க்கவில்லை. அந்தப் பதினெட்டு மாதமும் எங்களில் ஒருத்தி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்கப் போன நாளுக்கு வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதினாள். இடைவேளையில் நாங்கள் ஒரே டப்பாவில் சாப்பிடும்போது, தான் கொண்டு வந்ததைத் தனியே வைத்துச் சாப்பிட்டாள். நாங்கள் அவளைக் கர்வக்காரி என்றோம். சொன்னோம், இரண்டு முறையாவது சொன்னோம்.

அன்று அந்த வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தோம் என்று கேட்டதும் எங்கள் வீடுகளில் ஒன்றில் அம்மா திடுக்கிட்டார். காசநோய் காற்றில் பரவுவது, தம்ளரில் அன்று என்றும், சிகிச்சை முடிந்து மாதங்களாகிவிட்டன என்றும் விளக்கினோம். "சரி சரி" என்றார். முகம் மட்டும் தெளியவில்லை. இரண்டாம் நாள் கண்காட்சிக்கு வந்து அட்டைகளை முழுவதும் படித்த பின்னரே தெளிந்தது.

அட்டைகளின் தலைப்பு பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். மாற்றியே ஆக வேண்டும் என்பதில் நால்வரும் ஒன்றுபட்டோம். என்ன எழுதுவது என்பதில் ஒன்றுபடவில்லை. 'மருந்தெதிர் நுண்ணுயிரிகள்' என்றாள் ஒருத்தி. அதில் மறுபடியும் ஓர் எதிர்! 'மருந்து தாங்கும் கிருமிகள்' என்றாள் இன்னொருத்தி. இரவு மணி எட்டாகிவிட்டது. அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆயா, "ஏண்டி இவ்ளோ நேரம்? மருந்துக்கு மசியாத கிருமின்னு எழுதிட்டுப் போங்களேன்" என்றார்.

பழைய தலைப்பின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி அப்படியே எழுதினோம். மறுநாள் வந்தவர்களில் ஒருவர்கூட அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கவில்லை. முன்தினம் வந்த பெரியம்மாவை வாசலில் பார்த்து ஓடிப்போய் அழைத்து வந்தோம். அவர் படித்துவிட்டு, "ஐயோ, இதையா நான் பேரனுக்குக் கேட்டேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, பேரனுக்குச் சென்ற மாதம் வாங்கிய மருந்தில் மீதி வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். எங்களுக்கு உடனே விடை தெரியவில்லை. குப்பையிலும் சாக்கடையிலும் போடக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அறிவியல் ஆசிரியையிடம் அழைத்துப் போனோம்.

பிற்பகல் ஷிப்டுக்குப் போகும் முன் அப்பாவும் வந்தார். எங்கள் மேசையில் அவருடைய காலி மாத்திரை அட்டைகளைக் கட்டி வைத்திருந்தோம், பதினெட்டு மாதத்தில் மிச்சமானவை. யாருடையவை என்று எழுதவில்லை. அவரே அவற்றின் பக்கத்தில் நின்று, கேட்டவர்களுக்கு எல்லாம் எந்த மாத்திரை என்ன நிறம், எதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர், "உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும், கம்பவுண்டரா?" என்றார். "இல்லீங்க, லேத்து" என்றார் அவர். எங்களில் ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிகிச்சை முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சளியைப் பரிசோதிக்க வேண்டுமாம். ஜனவரியில் எடுத்ததில் கிருமி இல்லை. அடுத்தது ஜூலையில்.